கண்புரைக்கு எந்த லென்ஸ்? விலைத்தாளில் கைவைப்பதற்கு முன்

கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது. "அம்மாவுக்குப் புரை விழுந்திருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு தாளைக் கொடுத்து, எந்த லென்ஸ்னு நாளைக்குள்ள சொல்லுங்கன்னுட்டாங்க. எதை எடுக்கிறது?" தாளில் ஐந்தாறு வரிகள் இருக்கும். முதல் வரி சில ஆயிரம் ரூபாய், கடைசி வரி லட்சத்தைத் தொடும். நடுவில் இந்தியன், இம்போர்ட்டட், பிரீமியம் என்று வார்த்தைகள். கவுன்சிலர் பொறுமையாகத்தான் சொல்கிறார். ஆனால் வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள்.

அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அம்மாவின் வலது கண்ணுக்காக. மொய் எழுதுவது போல முடிவெடுத்தேன்: ரொம்பக் குறைவாகவும் வேண்டாம், ரொம்ப அதிகமாகவும் வேண்டாம், நடுவில் இருப்பது போதும். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்வீட்டு மாடியில் காய்கிற புடவையின் கரை வரை தெரிகிறது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நாலாம் நாள் மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டு கட்ட உட்கார்ந்தவருக்கு நார் தெரியவில்லை.

அம்மாவுக்கு இளவயதிலிருந்தே மைனஸ் 4 பவர். தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும். பூக் கட்டவும் ஊசியில் நூல் கோக்கவும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஒரு சாண் தூரத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. புதிய லென்ஸை வழக்கப்படி தூரப் பார்வைக்கு வைத்தார்கள், அந்த ஒரு சாண் போய்விட்டது. ஆபரேஷனில் தவறில்லை, லென்ஸிலும் தவறில்லை. எவ்வளவு செலவழிக்க முடியும் என்று எங்களைக் கேட்டார்கள். கண்ணால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தாளில் அதற்கு வரியே இல்லை.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

எந்தத் தூரம். இயற்கையான லென்ஸ் இளவயதில் தன்னைத்தானே தடித்து மெலிந்து எல்லாத் தூரத்தையும் பார்க்கும். நாற்பதுக்கு மேல் அது விறைத்துப் போவதால்தான் வெள்ளெழுத்து வருகிறது. புரை விழுந்து மங்கிய அந்த லென்ஸை எடுத்துவிட்டு வைக்கிற செயற்கை லென்ஸுக்கு அந்த நெளிவு இல்லை. சாதாரண லென்ஸ் ஒரு தூரத்தில்தான் கூர்மையாகக் காட்டும். மற்ற தூரங்களுக்கு ஒன்று கண்ணாடி, அல்லது வெளிச்சத்தைப் பங்கு போடுகிற லென்ஸ். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, கடைசியில் வருகிறேன்.

கண்ணின் நிலை. கருவிழியில் சிலிண்டர், அதாவது வளைவின் கோணல், எவ்வளவு, விழித்திரை எப்படி இருக்கிறது, சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருக்கிறதா, கண் நீர் அழுத்தம் உண்டா. எவ்வளவு விலை கொடுத்தாலும் லென்ஸால் விழித்திரையைச் சரிசெய்ய முடியாது.

இரவு. ராத்திரி வண்டி ஓட்டுகிறவரா, ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறவரா?

முழுச் செலவு. தாளில் உள்ள தொகை வேறு, கடைசியில் கையை விட்டுப் போகிற தொகை வேறு.

பின்வாங்கும் வழி. கண்ணாடி பிடிக்கவில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே வைத்த லென்ஸை எடுத்து மாற்ற முடியும், ஆனால் அது முதல் ஆபரேஷனைவிடச் சிக்கலானது. நாள் தள்ளத் தள்ள இன்னும் சிக்கலாகும். அதனால் எந்த லென்ஸைப் பற்றியும் "பிடிக்கலைன்னா பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த நாட்டில் தயாரானது என்பதை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

## கடின லென்ஸ்: தையல் இல்லாத சிறு கீறல்

இதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. இரண்டாம் உலகப்போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் தங்கியிருந்தும் கண் அதை ஏற்றுக்கொண்டதைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் அதே வகைப் பொருளில் முதல் லென்ஸை வைத்தார். அந்தப் பொருள்தான் பி.எம்.எம்.ஏ. அது மடியாது. ஆகவே கண்ணில் 6 மில்லிமீட்டர் அளவுக்கு வழி வேண்டும். வெள்ளை விழியில் சாய்வாகச் சுரங்கம் போல வெட்டினால், கண்ணின் அழுத்தமே அந்த வழியை மூடிக்கொள்ளும், தையல் தேவைப்படாது. முகாம்களிலும் இலவச ஆபரேஷன்களிலும் காலங்காலமாக நடந்துவருவது இதுதான்.

இதை ஏழைகளின் ஆபரேஷன் என்று ஒதுக்குவது சரியல்ல. நேபாளத்தில் கண் மருத்துவர் சந்துக் ருயித்தும் அவருடன் சேர்ந்த அமெரிக்க மருத்துவர்களும் 108 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த முறையிலும் மறு பாதிக்குப் புரையை அதிர்வால் உடைத்து எடுக்கும் விலை உயர்ந்த பேகோ இயந்திரத்திலும் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, கண்ணாடியுடன் பார்க்கும்போது, இரு தரப்பிலும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை. நேரமும் செலவும் சிறு கீறல் முறையில் குறைவு.

குறை என்ன? பெரிய வெட்டு கருவிழியின் வளைவைக் கொஞ்சம் மாற்றும். அதனால் புதிதாகச் சிலிண்டர் பவர் சேரலாம், தூரத்துக்கும் கண்ணாடி தேவைப்படலாம். கண் சிவப்பு மறைய இன்னும் சில நாள் ஆகும். சமையலறைக்கோ வயலுக்கோ சீக்கிரம் திரும்ப வேண்டியவர்களுக்கு அந்தச் சில நாள் பெரிய செலவு.

இது எப்போது மேல்? புரை நன்றாக முத்திப் பழுப்பாகவோ கறுப்பாகவோ இறுகிவிட்ட கண்ணுக்கு. அதைப் பேகோவின் அதிர்வால் உடைக்கப் போனால் கருவிழியின் உள்புறச் செல்கள் அடிபடும். முழுதாக வெளியே எடுப்பதுதான் பத்திரம். "புரை முத்தட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று நம் வீடுகளில் சொல்வது அந்தக் காலத்து ஆபரேஷனுக்குச் சரி. இப்போது அப்படிக் காத்திருந்தால், கையிலிருக்கும் தேர்வுகள்தான் குறையும்.

## மடிக்கும் லென்ஸ்: இந்தியனா, இம்போர்ட்டடா

பெரும்பாலான வீடுகளில் சண்டை நடப்பது இந்த வரியில்தான். பேகோ முறையில் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வழி போதும். லென்ஸைச் சுருட்டி ஊசி போன்ற குழல் வழியாக உள்ளே விடுவார்கள். அது உள்ளே போய் மெதுவாக விரிவதைத் திரையில் பார்த்தால் பூ மலர்வது மாதிரி இருக்கும். தாளில் இதற்கே இரண்டு மூன்று விலைகள்: உள்ளூர்த் தயாரிப்பு ஒன்று, இறக்குமதி இரண்டு.

1990-களின் தொடக்கத்தில் இறக்குமதி லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். அந்த விலையில் ஏழை நாடுகளில் லென்ஸ் வைப்பது நடக்காத காரியம், புரையை மட்டும் எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தால் போதும் என்பது அன்றைய பொதுக் கருத்து. தாத்தா பாட்டிகள் போட்டிருந்த அந்தக் கனத்த கண்ணாடி நினைவிருக்கிறதா? டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்தக் கருத்தை ஏற்கவில்லை. 1992-இல் அதன் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் அங்கேயே தயாரிப்பைத் தொடங்கியது, லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று மதுரை லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. காத்மாண்டுவில் 1994-இல் தொடங்கிய திலகங்கா கண் மையமும் சொந்த லென்ஸ் தொழிற்சாலை வைத்தது. சென்னையின் அப்பாசாமி அசோசியேட்ஸ் இன்னொரு பெரிய பெயர். 2024-இல் வார்பர்க் பின்கஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்க முன்வந்தது. ஆதாயம் இல்லாத இடத்துக்கு அந்த மாதிரிப் பணம் வராது.

ஆக, 'இந்தியன்' என்பது தரம் குறைந்தது என்று பொருளல்ல. 'இம்போர்ட்டட்' என்ற ஒரே சொல்லுக்குள்ளும் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் அடக்கம். ஜப்பானிய ஹோயாவின் கண் லென்ஸ் பிரிவுக்குத் தலைமையகமே சிங்கப்பூர்தான்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீரை ஈர்க்கும் பொருளா, நீரை விலக்கும் பொருளா? தாளில் ஹைட்ரோஃபிலிக், ஹைட்ரோஃபோபிக் என்று இருக்கும். லென்ஸ் வைத்து மாதங்களோ வருடங்களோ கழித்து, அதைத் தாங்கும் சவ்வு மங்கலாவது உண்டு. புரை திரும்ப வந்துவிட்டது என்று பயப்படுவார்கள். அது புரையல்ல, யாக் லேசரில் சில நிமிட வேலை. ஹைட்ரோஃபோபிக் பொருளில், விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்ட லென்ஸில், இது குறைவாக வருகிறது. அப்புறம், பின்னாளில் கருவிழி மாற்று சிகிச்சையோ, கண்ணுக்குள் வாயு நிரப்பும் விழித்திரை ஆபரேஷனோ தேவைப்படலாம் என்ற கண்களில் ஹைட்ரோஃபிலிக் லென்ஸில் சுண்ணாம்புச் சத்து படிந்து மங்கும் ஆபத்து இருக்கிறது. இரண்டு வகையும் இந்தியாவிலேயே தயாராகின்றன.

இறக்குமதிக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கிடைப்பது என்ன? சில மாடல்களுக்கு இருபது வருடத்துக்கு மேற்பட்ட பயன்பாட்டுப் பதிவுகள் உள்ளன. அது உண்மையான மதிப்பு. தொழிற்சாலையிலேயே குழலில் ஏற்றி வரும் வசதியும் பலவற்றில் உண்டு. மஞ்சள் நிற லென்ஸ் விழித்திரையைக் காப்பாற்றும் என்று சொல்லி விலை ஏற்றினால் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். அப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

என் கணிப்பு: விழித்திரை ஆரோக்கியமாக, சிலிண்டர் குறைவாக இருக்கும் கண்ணுக்கு உள்ளூர் ஹைட்ரோஃபோபிக் மடிக்கும் லென்ஸ் போதும். மிச்சமாகும் பணத்தை, அளவெடுப்பு நன்றாக உள்ள இடத்தைத் தேடிப் போவதற்கு வையுங்கள்.

## டோரிக்: சிலிண்டர் உள்ளவர்களுக்கு

கூடுதல் விலைக்கு நேரான பலன் கிடைக்கும் வரி எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். கருவிழி கால்பந்து போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல் முட்டை போல இருந்தால், சாதாரண லென்ஸ் வைத்த பிறகும் தூரம் கலங்கலாகவே தெரியும். டோரிக் லென்ஸ் அந்தக் கோணலை உள்ளேயே சரிசெய்கிறது.

ஒரு பொறி உண்டு. பழைய கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் 1.5 என்றிருப்பதைக் காட்டி டோரிக் கேட்பார்கள். அந்த 1.5-இல் ஒரு பங்கு புரை விழுந்த லென்ஸுடையதாக இருக்கலாம், அது எப்படியும் வெளியே போகப்போகிறது. கணக்கில் வருவது கருவிழியின் சிலிண்டர் மட்டும். பரிசோதனைத் தாளில் கே1, கே2 என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றின் வித்தியாசம் சுமார் 1-ஐ எட்டினால் டோரிக்கைப் பற்றிப் பேசலாம். அரைதான் என்றால் வேண்டாம்.

இன்னொன்று, இது லென்ஸின் திறமையில் பாதி, வைப்பவரின் திறமையில் பாதி. ஒரு பாகை திரும்பினால் பலனில் சுமார் 3.3 சதவீதம் போகும். 10 பாகையில் மூன்றில் ஒரு பங்கு, 30 பாகையில் முழுவதும். படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், ஆபரேஷனுக்கு முன் நேராக உட்கார வைத்து கண்ணின் ஓரத்தில் மை வைத்துக் குறித்துக்கொள்வார்கள், அல்லது அதற்கென்று கேமரா வழிகாட்டி வைத்திருப்பார்கள். "எப்படிக் குறிக்கிறீங்க? லென்ஸ் திரும்பிடுச்சுன்னா மறுபடி சரிசெய்யத் தனியா காசு வாங்குவீங்களா?" இந்த இரண்டையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## மல்டிஃபோகல், ட்ரைஃபோகல்: கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்கு

தாளின் கடைசி வரி. லென்ஸின் மேல் நுண்ணிய வளையங்கள் இருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை அவை தூரம், நடுத்தூரம், கிட்டம் என்று பிரித்துக் கொடுக்கும். பிரிப்பதில் கொஞ்சம் வெளிச்சம் வீணாகும். மங்கிய சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு சற்றுக் குறையும். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும்.

சித்தப்பா இரண்டு கண்ணுக்கும் ட்ரைஃபோகல் வைத்துக்கொண்டார். காலையில் பேப்பர், மதியம் செல்ஃபோன், மாலையில் டிவி, எதற்கும் கண்ணாடி இல்லை. சந்தோஷமான மனிதர். ஒரு மாதம் கழித்து மதுரையிலிருந்து திருச்சிக்கு ராத்திரியில் கார் ஓட்டிவிட்டு வந்து சொன்னார்: "எதிர்ல வர்ற லாரிக்கெல்லாம் திருவாசி வச்ச மாதிரி இருக்குடா." மூளை பழக மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆறு மாதத்தில் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. இப்போது இரவுப் பயணத்துக்கு டிரைவர் போட்டுக்கொள்கிறார். அந்தக் கூலி எந்தத் தாளிலும் இல்லாத செலவு.

விழித்திரை சுத்தமாக, கருவிழி ஒழுங்காக, இரவு ஓட்டம் குறைவாக, கண்ணாடி மேல் தீராத வெறுப்போடு இருப்பவருக்கு இது சரியான தேர்வு. மேடைக் கச்சேரிக்காரர், புரோகிதர், நாள் முழுக்கச் சீட்டும் முகமும் மாறி மாறிப் பார்க்கும் கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். கண் நீர் அழுத்தத்தால் பார்வைப்புலம் குறைந்தவர், சர்க்கரை விழித்திரையைத் தொட்டவர், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்தவர், ராத்திரி லாரி ஓட்டுகிறவர், இவர்களுக்கு வேண்டாம். சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் தூக்கம் வராத சுபாவக்காரருக்கும் வேண்டாம். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல, அந்தச் சுபாவத்தை மருத்துவர்களே கணக்கில் எடுக்கிறார்கள்.

ஆசியா முழுக்க இழுபறி நடப்பது இந்த வரியைச் சுற்றித்தான். ஜப்பானில் 2020 ஏப்ரல் முதல் ஆபரேஷன் பொதுக் காப்பீட்டில், மல்டிஃபோகல் லென்ஸுக்கான கூடுதல் மட்டும் நோயாளி பொறுப்பு என்று கோடு போட்டுவிட்டார்கள். தென்கொரியாவில் வேறு கதை. அங்கே லென்ஸ் செலவைத் தனியார் காப்பீடு ஏற்றுக்கொண்டிருந்தவரை மல்டிஃபோகல் ஆபரேஷன்கள் குவிந்தன. சில மணி நேரத்தில் வீடு திரும்புகிற புரை ஆபரேஷனை உள்நோயாளி சிகிச்சை என்று தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது, வெளிநோயாளி வரம்புக்கு மேல் பணம் வராது என்றானது. அதுவரை 'எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கும்' என்று கேட்டுப் பழகியவர்கள் கையைப் பிசைந்தார்கள். சீனாவில் 2023 நவம்பரில் தியென்ஜினில் அரசு நாடு முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் ஏலம் விட்டது. கண் லென்ஸ் விலை சராசரியாக 60 சதவீதம் சரிந்தது. அதே லென்ஸ்தான், தொழிற்சாலையும் மாறவில்லை. விலையில் எவ்வளவு காற்று இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கண் லென்ஸ் 2005-லேயே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, மற்ற பெரும்பாலான கருவிகள் 2020-இல்தான் வந்தன. ஆனால் 2017-இல் இதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் வந்தது போன்ற விலை உச்சவரம்பு லென்ஸுக்கு வரவில்லை. அதனால் பேரம் உங்கள் கையில்தான்.

## நடுவில் நிற்பவை

ஈடாஃப், மோனோஃபோகல் பிளஸ் என்ற பெயர்களில் வருபவை. தூரமும் கை நீட்டும் தூரமும் நன்றாகத் தெரியும். அடுப்பு, கம்ப்யூட்டர், காரின் மீட்டர் எல்லாம் அதில் அடங்கும். மாத்திரை அட்டையின் பொடி எழுத்துக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். வளையத் தொல்லை ட்ரைஃபோகலைவிடக் குறைவு. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நல்ல சமரசம். "கண்ணாடியே தேவைப்படாது" என்று சொல்லி இதை விற்றால் மட்டும் நம்பாதீர்கள்.

## தாளில் இல்லாத வழி

முன்னே சொன்ன மூன்றாவது வழி இது. சாதாரண மடிக்கும் லென்ஸே போதும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைப்பது. மோனோவிஷன் என்பார்கள். லென்ஸுக்குக் கூடுதல் விலை கிடையாது, வளையம் கிடையாது. வாங்குவதற்குப் பொருள் எதுவும் இல்லாததால்தானோ என்னவோ, விலைத்தாளில் இதற்கு இடமில்லை.

சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் கணிப்பது கொஞ்சம் குறையும். ஏணி ஏறுகிறவர், வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் யோசிக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் சில நாள் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒத்திகை பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். இளவயதிலிருந்தே மைனஸ் பவரோடு வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: இரண்டு கண்ணையும் கிட்டத்துக்கே வைத்துவிட்டு, தூரத்துக்கு வழக்கம்போலக் கண்ணாடி.

## ஒரே பார்வையில்

| வகை | கண்ணாடி எதற்கு | இரவு வெளிச்சம் | யாருக்கு | யாருக்கு வேண்டாம் |
|---|---|---|---|---|
| கடின லென்ஸ் | கிட்டத்துக்கு, பலருக்குத் தூரத்துக்கும் | தொல்லை குறைவு | முத்திய புரை, கைப்பணம் குறைவு | சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர் |
| மடிக்கும் லென்ஸ் | கிட்டத்துக்கு | தொல்லை குறைவு | பெரும்பாலோர் | கருவிழிச் சிலிண்டர் அதிகம் உள்ளவர் |
| டோரிக் | கிட்டத்துக்கு | தொல்லை குறைவு | கருவிழிச் சிலிண்டர் 1-ஐ ஒட்டியும் மேலும் | அரைக்கும் கீழே உள்ளவர் |
| ட்ரைஃபோகல் | பெரும்பாலும் வேண்டாம் | வளையம் தெரியும் | ஆரோக்கியமான கண், கண்ணாடி வெறுப்பு | விழித்திரை நோய், இரவு ஓட்டுநர் |
| ஈடாஃப் | பொடி எழுத்துக்கு | லேசான வளையம் | கம்ப்யூட்டர், சமையல் வேலை | கண்ணாடியை முற்றிலும் விட நினைப்பவர் |
| மோனோவிஷன் | சில நேரம் | தொல்லை குறைவு | ஒத்திகையில் ஒத்துக்கொண்டவர் | ஏணி, உயர வேலை |

## தாளில் எழுதாத செலவு

பெரிய செலவு, அளவெடுப்பில் விழும் பிழை. கண்ணின் நீளத்தை 1 மில்லிமீட்டர் தவறாக அளந்தால் பவர் சுமார் இரண்டரை முதல் 3 டயாப்டர் தவறும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் பவர் தவறினால் வீண். கண்ணைத் தொட்டு அளக்கும் அல்ட்ராசவுண்டில் கை சற்று அழுத்தினாலே அளவு குறையும், ஒளியால் தொடாமல் அளக்கும் கருவியில் அந்தச் சிக்கல் இல்லை. எந்தக் கருவி என்று கேளுங்கள். இளவயதில் கண்ணாடியை விடுவதற்காக லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கணக்கே தவறிவிடும்.

அடுத்தது இன்சூரன்ஸ். பல பாலிசிகளில் புரைக்கு இரண்டு வருடக் காத்திருப்பும் தனி வரம்பும் உண்டு. எல்லா நிறுவனங்களும் தரும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், கண் ஒன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அதுதான். லட்ச ரூபாய் லென்ஸுக்கு மிச்சம் உங்கள் பையிலிருந்து. மல்டிஃபோகலுக்குச் சாதாரண லென்ஸின் தொகையை மட்டும் தருபவர்களும் உண்டு. முன் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தேதி குறியுங்கள்.

நான்கைந்து வாரச் சொட்டு மருந்து, ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி, எப்போதாவது யாக் லேசர், கூட வருகிறவரின் விடுப்பு. அப்புறம் 'பிளேடு இல்லாத லேசர் புரை ஆபரேஷன்' என்று இன்னொரு வரி. பிரான்சிலும் பிரிட்டனிலும் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்ததில், சாதாரணப் பேகோவைவிட அது தரும் கூடுதல் பலன், கேட்கும் விலைக்கு ஈடாகவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டுங்கள். பெயர், பவர், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். பெட்டியில் அச்சிட்ட விலையையும் பாருங்கள்.

அம்மாவின் இடது கண் முறை மறுவருடம் வந்தது. இந்தத் தடவை அவரே ஒரு துணிப்பையில் கொஞ்சம் மல்லிகையும் வாழைநாரும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கட்டச் சொல்லி, கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தார். ஒரு சாண் அளவுக்குக் கிட்டத்தில் வைத்தால் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் அதிகமாகிவிடும், கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கட்டுவீர்களா என்று கேட்டார். அம்மா மடியிலிருந்து பூவை முழங்காலுக்குத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அரை மீட்டரை ஒட்டி, மைனஸ் 2 என்று எழுதினார்கள். வலது கண்ணில் வைத்த அதே உள்ளூர் லென்ஸ், அதே விலை. இப்போது பூக் கட்டுவதற்குக் கண்ணாடி தேடுவதில்லை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் முன்பில்லாத வழக்கமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்.